அப்பா ‘ஆர்’, அம்மா ‘இஸ்’

தவணைப் பரீட்சைக்கு ஆங்கிலத் தாள் தயாரிப்பவர்கள் ஒரு கேள்வியை மட்டும் யோசிக்காமலே எழுதிவிடுவார்கள்: ‘கீழ்வரும் வாக்கியங்களைப் பன்மைக்கு மாற்றுக.’ பத்துப் புள்ளி. திருத்தச் சுலபம், படிப்பிக்கவும் சுலபம் என்று ஒரு நினைப்பு. இலங்கை அரசாங்கம் 1980இலிருந்து பாடநூலை இலவசமாகக் கொடுக்கிறது. அந்த நூல் படம், உரையாடல், பாட்டு என்று எத்தனையோ மாறிவிட்டது. இந்தக் கேள்வி மட்டும் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் டியூஷன் வகுப்புகளிலும் கொப்பிகளிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பழைய பாணி என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறதோ, அந்த இடத்தில் அதன் வீட்டுத் தமிழ் தெரியும். அவ்வப்போது குறித்து வைத்ததை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

*

‘திஸ் இஸ் எ டீ புஷ்.’ ஐந்தே சொல். பன்மையாக்கினால் ‘தீஸ் ஆர் டீ புஷஸ்.’ ‘திஸ்’ மாறியது, ‘இஸ்’ மாறியது, ‘எ’ காணாமற்போனது, ‘புஷ்’ வால் வைத்துக்கொண்டது. ‘டீ’ மட்டும் தப்பித்தது. அதையும் விட்டுவைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்: ‘டீஸ் புஷஸ்.’ இவர்கள்தான் விதியை மெய்யாகவே நம்பியவர்கள்.

வீட்டில் இதையே எப்படிச் சொல்வோம்? ‘இது தேயிலைச் செடி.’ ‘இதெல்லாம் தேயிலைச் செடி.’ ஓர் ‘எல்லாம்’ சேர்த்தால் வேலை முடிந்தது. ஒரே வாக்கியத்தில் நாலு இடத்தில் கை வைக்க வேண்டும் என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வீண்செலவாகத்தான் தெரியும்.

*

‘ஐ லிவ் இன் எ லைன் ரூம்.’ விடை: ‘வீ லிவ் இன் லைன் ரூம்ஸ்.’ லைன் ரூம் என்றால் தோட்டத்து லயத்து வரிசையில் ஓர் அறை.

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘வீ லிவ் இன் எ லைன் ரூம்’ என்று எழுதியிருந்தது. ‘ஐ’ மாறியிருக்கிறது, ‘ரூம்’ மாறவில்லை. வழக்கப்படி சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிறகு கேட்டேன். “நாங்க ஆறு பேரு மிஸ். ஒரு காம்பராதான்.”

இலக்கணப்படியும் அந்தப் பிள்ளை சொன்னது சரி. எழுவாய் பன்மையானால் வாக்கியத்திலுள்ள எல்லாப் பெயரும் பன்மையாக வேண்டும் என்று ஆங்கிலத்தில் எந்தச் சட்டமும் இல்லை. ஆளுக்கொன்று இருந்தால் ‘ரூம்ஸ்’, எல்லாருக்கும் சேர்த்து ஒன்று இருந்தால் ‘எ ரூம்’. விடைத்தாள் தயாரித்தவர் ஆளுக்கொரு அறை இருக்கும் என்று எண்ணிவிட்டார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிறந்தவர்களுக்கு அந்த எண்ணம் வராது. முழுப் புள்ளி போட்டேன்.

இதே சிக்கல் ‘மை மதர்’ வரும்போதும் உண்டு. ‘மை மதர் இஸ் எ டீ ப்ளக்கர்’ என்பதற்கு ‘எங்கள் அம்மாக்கள்’ என்று விடை வர வேண்டும். அண்ணனும் தங்கையும் ஒரே வகுப்பில் குந்தியிருந்தால் ‘எங்கள் அம்மா’ ஒருத்திதான். இந்தக் கேள்வித்தாளை அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதினால் யாராலும் பிழை சொல்ல முடியாது.

*

பென்சிலால் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைப்பது தோட்டத்துப் பிள்ளைகளின் பழக்கம். கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். நான் தடுப்பதில்லை. ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் தடை: ‘எங்கள்’ என்னும் பொருளில் வருகிற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘அவர்’ என்று வந்து நிற்கும். ‘அவர் ஸ்கூல்’ என்று மேலே எழுதிவைத்துவிட்டு, கீழே ‘அவருடைய பாடசாலை’ என்று மொழிபெயர்ப்பார்கள். யாருடையது என்று கேட்டால், “பிரின்சிபலோடது.”

*

குறிலும் நெடிலும் தெரிந்த பிள்ளைக்கு ‘திஸ்’, ‘தீஸ்’ கஷ்டமில்லை. குறில் என்றால் ஒன்று, நெடில் என்றால் நிறைய. கரும்பலகையில் இதைத் தமிழிலேயே எழுதிக் காட்டலாம். ‘டூத் – டீத்’, ‘கூஸ் – கீஸ்’, ‘ஃபுட் – ஃபீட்’ எல்லாம் உயிரெழுத்து மாறும் கூட்டம். ஊகாரமோ உகரமோ ஈகாரமாகும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் இந்தச் சொற்களின் பன்மை முடிவில் ஓர் இகர ஒலி இருந்ததாம். அது முன்னாலிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்துவிட்டுத் தான் தேய்ந்து போனது. விளைவு மட்டும் மிஞ்சியது.

‘மேன் – மென்’ வந்ததும் என் விதி கவிழ்கிறது. நெடில்தான் ஒருமை, குறில் பன்மை! அடுத்தது ‘வுமன்’. பன்மையில் எழுத்து மாறுவது கடைசியில், ஓசை மாறுவதோ முதலில்: ‘விமின்.’ கொழுந்து எடுக்கிற பெண்களைப் பற்றி எழுதாத தோட்டத்துக் கட்டுரை இல்லை. அதனால் இந்தச் சொல் எங்களுக்குத் தினமும் தேவை. எத்தனை தரம் சொன்னாலும் வகுப்பு ‘வுமென்’ என்றுதான் சத்தம் போடும்.

*

எண் முன்னால் வந்துவிட்டால் தமிழில் பெயர் அலட்டிக்கொள்வதில்லை. நாலு கூடை. இருபது கிலோ. ஆறு லயம். தராசுக்குப் பக்கத்தில் நின்று ‘நாலு கூடைகள்’ என்று சொன்னால் கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்ப்பார். நன்னூல் இந்தச் சொற்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒன்றா பலவா என்பதை வினை சொல்லட்டும் என்பது ஏற்பாடு: மாடு வந்தது, மாடு வந்தன.

பேச்சில் அந்த ‘வந்தன’வும் போய்விட்டது. ஒரு மாடு வந்தாலும் ‘வருது’, பட்டியோடு வந்தாலும் ‘வருது’. ஆக ‘தி கௌஸ் இஸ் கமிங்’ என்று எழுதுகிற பிள்ளை தன் பேச்சுத் தமிழை அப்படியே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறது. பக்கத்து வகுப்பில் தமிழ் டீச்சர் ‘மாடுகள் மேய்கிறது’ என்பதை வெட்டி ‘மேய்கின்றன’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேலை. ‘மேய்கின்றன’ என்பது லயத்துப் பிள்ளைக்கு ‘ஆர் கிரேஸிங்’ அளவுக்கே அந்நியம். தமிழ் வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர் எதற்கு என்று பல தரம் நினைத்திருக்கிறேன். பன்மைப் பாடத்தை இரண்டு டீச்சர்மாரும் ஒரே கிழமையில் எடுத்தால் பாதிப் பாரம் குறையும்.

இந்த இடத்தில் கைகொடுக்கும் ஒரு குறுக்குவழி: வாக்கியத்துக்கு ஒரு ‘ஸ்’தான். ‘தி கோட் ஈட்ஸ்’ – வினையில் இருக்கிறது. ‘தி கோட்ஸ் ஈட்’ – பெயருக்குத் தாவிவிட்டது. இரண்டிலும் இருந்தால் பிழை, இரண்டிலும் இல்லாவிட்டாலும் பிழை. ‘மென்’, ‘சில்ரன்’ வரும்போது இது உதவாது. அதற்குள் பிள்ளைக்குக் கை பழகியிருக்கும்.

*

இனித்தான் தலைப்பில் வைத்த விஷயம்.

‘என் குடும்பம்’ என்று ஐந்து வாக்கியம் எழுதச் சொல்வது வழக்கம். ஒரு கொப்பியில் இருந்தது: ‘மை ஃபாதர் ஆர் வேர்க்கிங் இன் கொழும்பு. மை மதர் இஸ் ப்ளக்கிங் டீ.’ அடுத்த கொப்பியிலும் அப்படியே. பார்த்து எழுதியிருக்கும் என்று நினைத்தேன். வேறு வகுப்பிலும் வந்தது, வேறு தோட்டத்துப் பிள்ளையிடமிருந்தும் வந்தது. அப்பாவுக்கு ‘ஆர்’, அம்மாவுக்கு ‘இஸ்’.

சத்தமாகத் தமிழில் சொல்லிப் பார்த்தால் புரிந்துவிடும். “அப்பா கொழும்புல வேலை செய்றாங்க.” “அம்மா கொழுந்து எடுக்குது.” ‘செய்றாங்க’ என்பது பலருக்கு வருகிற வினை, மரியாதைக்காக ஒருவருக்குப் போட்டது. பிள்ளை அந்த மரியாதையை ஒழுங்காக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘ஆர்’ வைத்திருக்கிறது. அம்மாவுக்கு வீட்டில் ‘வந்துச்சு, போயிருச்சு, சாப்பிட்டுச்சு’. அஃறிணை ஒருமை. அதனால் ‘இஸ்’. ஆங்கில இலக்கணம் அதற்குச் சரி போட்டுவிட்டது!

அம்மாவைப் பற்றிய வாக்கியங்களில் அநேகமாகப் புள்ளி குறைவதில்லை என்பதை அதற்குப் பிறகு கவனித்தேன். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும் கடைவீதிப் பிள்ளைகளும் சிலர் இருவருக்கும் ‘ஆர்’ போடுவார்கள். அவர்கள் வீட்டில் அம்மாவும் ‘வர்றாங்க’. லயத்திலும் எல்லா வீடும் ஒன்றல்ல. வேலைக்குப் போகிற மூத்த அக்காவுக்குக் கூட ‘ங்க’ போடுகிற வீடு தெரியும்.

அம்மாவை ‘எடுக்குது’ என்பது நெருக்கத்தால் வருவது, மரியாதைக் குறைவு இல்லை என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். தெற்குத் தமிழ்நாட்டிலும் இந்த வழக்கு இருக்கிறது, பாட்டன் பூட்டன் கொண்டுவந்தது. ஆனால் நெருக்கம் அப்பாவிடமும் இருக்கிறதே. மூன்று மாதத்துக்கொரு தரம் கொழும்பிலிருந்து வருகிறவருக்கு ‘ங்க’, காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் மாலையில் கூடையோடு திரும்பி அடுப்பு மூட்டுகிறவருக்கு ‘து’.

*

அந்தக் கொப்பிகளைத் திருத்திக் கொடுத்தபோது ஒரு பிள்ளை கேட்ட கேள்வி நியாயமானது: “அப்பா ஒருத்தருக்கு ஆர் போடக் கூடாதுன்னா, யூ ஒருத்தருக்கு மட்டும் ஏன் மிஸ் யூ ஆர்?”

பெரும்பாலான இலக்கணப் புத்தகம் இதற்குப் பதில் சொல்லாது. ‘யூ’ எப்போதும் ‘ஆர்’ எடுக்கும் என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடும். மெய்யான பதில் தமிழ்ப் பிள்ளைக்கு மிகச் சுலபமாகப் புரியக்கூடியது. ஆங்கிலத்திலும் ஒரு ‘நீ’ இருந்தது. ‘தௌ’ என்று பெயர். ஒருவருக்கு ‘தௌ’, பலருக்கு ‘யீ’யும் ‘யூ’வும். 13, 14ஆம் நூற்றாண்டுகளில், பிரெஞ்சு நாகரிகத்தைப் பார்த்து, பெரியவர்களிடம் பேசும்போது பன்மையைப் போடத் தொடங்கினார்கள். அப்படியே நம்முடைய ‘நீங்க’ மாதிரி. பிறகு யார் பெரியவர் யார் சிறியவர் என்று குழப்பம் வந்தால் பாதுகாப்புக்காக எல்லாரிடமும் ‘யூ’ என்றார்கள். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ‘தௌ’ பொதுப்பேச்சிலிருந்து ஏறக்குறைய விழுந்துவிட்டது. சில வட்டாரப் பேச்சிலும், பாட்டிலும், கடவுளிடம் பேசும்போதும் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் கடவுளும் ‘தௌ’தான். (நம் தமிழ் விவிலியம் கடவுளை ‘நீர்’ என்று ஒரு படி ஏற்றி வைத்தது.) குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மட்டும் அரசனானாலும் நீதிபதியானாலும் ‘தௌ’ என்றே கூப்பிடுவோம் என்று பிடிவாதம் பிடித்து உதை வாங்கினார்கள்.

ஆகவே ‘யூ ஆர்’ என்பதில் இருப்பது ‘நீங்கள்’. வினை இன்னும் பன்மையாகவே நிற்பதற்கு அதுதான் காரணம். ஒருமை பன்மை மாற்றும் பாடத்தில் ‘யூ’ மாறாமல் அப்படியே இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கிறோமே, அது ஏற்கனவே மாறி முடிந்தது.

“அப்ப பெரிய தொரைக்கும் யூ, எனக்கும் யூவா?” ஆமாம் என்றேன். வகுப்புக்கு அது பிடித்திருந்தது.

*

எல்லாருக்கும் ‘யூ’ சொல்லப் பழகிய அதே இங்கிலீஷ்காரர்கள் துரைமாராக இந்த மலைக்கு வந்து தமிழ் படித்தார்கள். தமிழ் தெரியாமல் உதவி நிர்வாகியான சின்னதுரையால் ஒரு நாளும் ஓட்ட முடியாது. அவர்களுக்கென்று கையடக்கப் புத்தகங்கள் வந்தன. அதில் பெயர்பெற்ற ஒன்று 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்டது, சின்னதுரைக்கான தமிழ்க் கைநூல். அதன் தலைப்பே ‘இங்கே வா’. ‘வாங்க’ இல்லை, ‘வாரும்’ கூட இல்லை.

சொந்தப் பாஷையில் ‘நீ’யைத் தொலைத்து இருநூறு வருடம் கழிந்த ஒருவர், கப்பலேறி வந்து இன்னொரு பாஷையில் ‘நீ’யைக் காசு கொடுத்துப் படித்திருக்கிறார். வேலைக்காரனிடம் பேச அது மட்டும் போதும் என்று முடிவு செய்திருக்கிறார். தமிழில் ‘நீங்கள்’ இருப்பது அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தன்னை எல்லாரும் ‘தொரைங்க’ என்று சொல்வது நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஐம்பது பேர் நிற்பார்கள். ‘வா’, ‘போ’, ‘எடு’. எண்ணிக்கையில் அவர்கள் பன்மை, விளிப்பில் ஒருமை. எதிரே நிற்கிற துரை ஒருவர், விளிப்பில் பன்மை. ஒருமை பன்மைப் பயிற்சியைத் தோட்டம் தலைகீழாகவே செய்துவைத்திருந்தது. பெரியதுரை இருந்தால் சின்னதுரைக்கும் ஒரு படி குறையும், கங்காணிக்கு இன்னொரு படி. யாருக்கு எந்த விகுதி என்பதில் ஆளுக்கு ஆள் பிசகாமல் நடந்தார்கள். அந்தக் கவனத்தைக் கண்ட பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு இலக்கணம் வராது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

*

‘மார்’ யாருக்குக் கிடைக்கிறது? துரைமார், கங்காணிமார், டீச்சர்மார், மிஸ்மார். உறவிலும் கிடைக்கும்: அக்காமார், மாமிமார். மற்றவர்களுக்கு ‘க’: ஆளுக, பொம்பளையாளுக, புள்ளைக. ‘லேபர்மார்’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

*

‘லேபர்’. தோட்டத்து ஒஃபிஸ் ஆங்கிலத்தில் இது எண்ண முடியாத பெயர். தண்ணீர், மணல், சீனி வரிசை. ‘இன்றைக்கு எத்தனை பேர்?’ என்று கேட்கும் இடத்தில் ‘இன்றைக்கு எவ்வளவு லேபர்?’ என்று கேட்கலாம். இலக்கணம் இடம் கொடுக்கிறது. வட்டகொடை மடகும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன ஸி.வி. வேலுப்பிள்ளை தன் ஆங்கில நூலொன்றுக்கு ‘போர்ன் டு லேபர்’ என்று பெயர் வைத்தார். 1970இல் வந்தது. அந்தத் தலைப்பில் ‘லேபர்’ என்பதை உழைக்க என்று வினையாகவும் வாசிக்கலாம், உழைப்பு என்று பெயராகவும் வாசிக்கலாம். ஒஃபிஸ் புத்தகத்தில் ‘லேபர்’ என்று ஒரே கட்டாகக் கிடந்தவர்களை அவர் ஆள் ஆளாக, பெயர் பெயராக எழுதினார்.

*

‘லீஃப் – லீவ்ஸ்’. எங்கள் வகுப்புகளில் எல்லாரும் முதலில் எடுக்கும் உதாரணம் இதுதான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் போதும். ‘ஃப்’ எதற்கு ‘வ்’ ஆகிறது? பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிய ‘ஃப்’ மெலிந்து ‘வ்’ ஆனது. ‘நைஃப் – நைவ்ஸ்’, ‘வைஃப் – வைவ்ஸ்’ எல்லாம் அப்படி. பிறகு வந்தவை, பழக்கம் விட்டுப்போனவை மாறுவதில்லை. ‘ரூஃப் – ரூஃப்ஸ்.’ லயத்துத் தகரத்தைப் பன்மையாக்கினால் ‘வ்’ கிடையாது.

சரி, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஃபெக்டரிக்குப் போவோம். அங்கே ‘லீவ்ஸ்’ இல்லவேயில்லை. ‘கிரீன் லீஃப்’. லொறி லொறியாக வந்து இறங்கினாலும் ‘லீஃப்’. வாடப் போட்டாலும் ‘லீஃப்’. நாலரைக் கிலோவோ அதற்கு மேலோ பச்சைக் கொழுந்து சேர்ந்து ஒரு கிலோ தேயிலையாகும். அந்தக் கணக்கிலும் ‘லீஃப்’ ஒருமைதான். இதே மாதிரித்தான் எங்கள் ‘கொழுந்து’. “கொழுந்து எவ்வளவு?” “பதினெட்டு.” ‘கொழுந்துகள்’ என்று கட்டுரையில்தான் வரும். அம்மாவும் ஃபெக்டரியும் ஒரே கட்சி, பள்ளிக்கூடம் மட்டும் தனி.

இதற்கு நேர்மாறு ‘டீ’. அது எண்ண முடியாத பெயர், பன்மை இல்லை என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அங்கே தரகர்கள் எழுதும் அறிக்கைகளில் ‘டீஸ்’ தாராளம். தோட்டத்துக்குத் தோட்டம், உயரத்துக்கு உயரம் வேறு வேறாக விலை போகும் பொருளுக்குப் பன்மை தேவைப்பட்டுவிட்டது. ‘ஃபேனிங்ஸ்’ என்ற தரம் பன்மையிலேயே பிறந்தது, ஒரு ‘ஃபேனிங்’கை யாரும் பார்த்ததில்லை. கடைவீதியில் எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. “அண்ணே, ரெண்டு பிளேன்டீ.”

*

மூன்றாவது பாஷையையும் மறக்கக் கூடாது. பிள்ளைகள் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள். அங்கே உயிரில்லாத பொருளுக்குப் பன்மை என்றால் சேர்ப்பது இல்லை, வெட்டுவது. ‘மல’ ஒரு பூ, ‘மல்’ பல பூ. ‘பொத’ ஒரு புத்தகம், ‘பொத்’ பல புத்தகம். ஒன்றாக இருக்கும்போது நீளம், பலவானால் குட்டை! கடன் வாங்கிய ஆங்கிலச் சொல்லையும் அதே அச்சில் போடுகிறார்கள்: ஒன்று என்றால் ‘பஸ் எக’, பல என்றால் வெறும் ‘பஸ்’. தமிழில் பன்மைக்கு ‘கள்’ வைக்கலாம், விடலாம். ஆங்கிலத்தில் வைத்தே ஆக வேண்டும். சிங்களத்தில் இருப்பதை எடுக்க வேண்டும். ஹட்டன் பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் மூன்றையும் பிசகாமல் பேசிவிடுகிற பிள்ளை தாளில் ஒன்றில் தடுக்கினால் அதற்காக நான் பதறுவதில்லை.

*

‘சில்ரன்’ இரட்டைப் பன்மை. பழைய ஆங்கிலத்தில் ‘சில்ட்’டுக்கு ஒரு ‘ரு’ சேர்த்துப் பன்மையாக்கினார்கள். அது பன்மை என்பதே நாளடைவில் மறந்துபோய், மேலே ஓர் ‘என்’னையும் வைத்தார்கள். ‘ஒக்ஸ் – ஒக்ஸன்’ என்பதில் வரும் அதே ‘என்’. நம் ‘அவர்கள்’ கதையும் இதுதான். ‘அவர்’ பலரைக் குறித்த சொல். மரியாதைக்காக ஒருவருக்குக் கொடுத்துப் பழகியதும் பலருக்குச் சொல் இல்லாமல் போய்விட்டது, ‘கள்’ சேர்த்தார்கள். பிறகு அந்த ‘அவர்களை’யும் ‘தலைவர் அவர்கள்’ என்று ஒருவருக்கே கொடுத்துவிட்டோம். தொழிற்சங்கக் கூட்டத்துப் போஸ்டரைப் பார்த்தால் தெரியும். இனிமேல் பலரைச் சொல்ல எதைச் சேர்ப்பது?

*

மழை பற்றி ஒரு வரி. ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊரில் ‘ரெய்ன்’ எண்ண முடியாத பெயர் என்று படிப்பிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் மழையை எண்ணலாம்: “இன்னும் ரெண்டு மழை பேஞ்சா கொழுந்து தள்ளும்.” மே மாதம் தொடங்கினால் இங்கே அந்த எண்ணிக்கையும் உதவாது, ஒரே மழைதான் செப்டெம்பர் வரைக்கும்.

*

அடுத்த தவணைத் தாளுக்கு எழுதி வைத்த வாக்கியங்களில் பின்னத்தையும் சேர்க்கப் பார்த்தேன். ஆங்கிலம் இதில் ஒரு தனி ரகம். ஒன்றரைக் கிலோ பன்மை: ‘கிலோஸ்’. பூச்சியமும் பன்மை: ‘ஸீரோ கிலோஸ்’. ஒன்றுமே எடுக்காத நாளைக்குக் கூட ‘ஸ்’ உண்டு. அரைக் கிலோ மட்டும் ஒருமை.

அரை என்றதும் வகுப்பு அரைப்பேருக்குப் போய்விட்டது. தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்பது செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் விழுகிற ஒரு பேர். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். ‘மை மதர் கொட் ஹாஃப் எ நேம்’ என்று பலகையில் எழுதினேன். தோட்டத்துக்கு வெளியே இந்த ஆங்கிலம் யாருக்கும் விளங்காது. இவர்களுக்கு நன்றாக விளங்கியது. பன்மையாக்கச் சொன்னேன். ஒருவன் ‘ஹாஃப் நேம்ஸ்’ என்றான். ஒருத்தி ‘ஹாஃப் எ நேம் ஈச்’ என்றாள், அது சரி. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழும்பினான்: “ரெண்டு அரைப்பேரு சேந்தா ஒரு பேருதானே மிஸ். அப்புறம் எப்பிடிப் பன்மை?”

தாளில் அந்த வாக்கியத்தைச் சேர்க்கவில்லை. வழக்கம்போல ஆடும் மாடும் வைத்து அனுப்பினேன்.